மூலை ஸ்டாண்டில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டில் முதல்முறை மரவேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் மூலை ஸ்டாண்டில்தான் தொடங்குகிறார்கள். பலகை அதிகம் வேண்டாம், இழுப்பறை கிடையாது, கதவு கிடையாது. ஆனால் ஒரு ஸ்டூல் செய்வதைவிட இது சிரமம். ஸ்டூலின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும். மூலை ஸ்டாண்டு இரண்டு சுவரோடும் தரையோடும் பொருந்தியாக வேண்டும். அந்த மூன்றையும் கொத்தனார் கட்டியிருக்கிறார், அவை நம் மூலைமட்டத்துக்குக் கட்டுப்பட்டவை இல்லை. அதனால் ஒரு கோளாறு தெரிந்தவுடன் ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். தவறு மரத்தில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஸ்டாண்டுக்கானவை: உயரம் 120 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட் (பட்டறையில் ஆறு நூல் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்), பக்கப் பலகை இரண்டு, கால்வட்டத் தட்டு நான்கு. 4×4 அடி அரை ஷீட்டில் எல்லாமே அடங்கும். 8-ஆம் நம்பர், 50 மி.மீ. ஸ்க்ரூ 22 தேவைப்படும். 30 வாங்கி வையுங்கள். ஸ்க்ரூ தலைகள் எல்லாம் சுவர்ப் பக்கம் போய்விடுவதால் முன்னால் எதுவும் தெரியாது.

சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இடைவெளி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும். பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; அதன் தடிமன் முக்கால் மி.மீ. ஸ்டாண்டை மூலையில் நன்றாக அழுத்திவைத்து, அட்டையை இடைவெளியில் செருகி மேலிருந்து கீழ் வரைக்கும், உள்ளிருந்து முன்விளிம்பு வரைக்கும் ஓட்டிப் பாருங்கள்.

உள்மூலையில் ஒட்டி நின்று, முன்விளிம்புக்கு வர வர விரிகிறதா? சுவர்களுக்கு நடுவே உள்ள கோணம் 90 டிகிரியைவிடக் கூடுதல். உறுதி செய்ய, மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 செ.மீ., மறு சுவரில் 80 செ.மீ. அளந்து பென்சிலால் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 100 செ.மீ. வந்தால் மூலை சதுரம். 101 வந்தால் கோணம் சுமார் 91.2 டிகிரி. கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் 30 செ.மீ. அகலப் பலகையின் நுனியில் அது 6 மி.மீ. இடைவெளியாகிவிடும், எட்டு ஏ.டி.எம். அட்டை நுழையும் அளவு. அடியில், இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில் என்று மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஒரே மூலையில் மூன்றும் மூன்று விதமாக வருவது சாதாரணம்.

கட்டி முடித்த ஸ்டாண்டு என்றால் அந்த 6 மி.மீ.யை இரு பக்கமும் மூன்று மூன்றாகப் பங்கிட்டு நிறுத்துங்கள். முன்விளிம்பில் 12 மி.மீ. பீடிங் பட்டை ஒன்றைச் சுவரோடு சேர்த்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது. பீடிங்கைச் சுவரின் நெளிவுக்கு ஏற்ப இழைக்க ஒரு சுலப வழி உண்டு: பட்டையைச் சுவரில் செங்குத்தாகச் சாய்த்துவைத்து, ஒரு வாஷரைச் சுவரை ஒட்டி உருட்டிக்கொண்டே, அதன் ஓட்டையில் பென்சில் முனையை வைத்துக் கோடு இழுங்கள். சுவரின் மேடு பள்ளம் அப்படியே பட்டையில் பதியும். அந்தக் கோடு வரைக்கும் இழைப்புளியால் இழைத்தால் போதும்.

முன்விளிம்பு இரண்டும் சுவரைத் தொட்டு, உள்மூலையில் மட்டும் வெளிச்சம் தெரிகிறதா? கோணம் 90-க்குக் குறைவு. இதை அப்படியே விட்டுவிடுங்கள். மேல்தட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. இதற்காகப் பலகையை இழைக்கப் போய் முன்விளிம்பைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

விரியாமல், இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளியா? அப்படியானால் கோணத்தில் குற்றமில்லை. சாந்து பூசும்போது கரண்டி உள்மூலைக்குள் முழுதாகப் போகாது, அங்கே பூச்சு உருண்டு நிற்கும். ஸ்டாண்டின் கூர்மையான பின்மூலை அந்த உருண்டையில் முட்டி, முழு ஸ்டாண்டையும் முன்னே தள்ளுகிறது. பின்மூலையை மேலிருந்து கீழ்வரை 6 முதல் 8 மி.மீ. சாய்வாக இழைத்துவிட்டால் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். அந்த ஓரத்தில் ஸ்க்ரூ வரிசை போகிறது என்பதை மறக்க வேண்டாம். தலைகள் நன்றாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இழைப்புளியை வையுங்கள், இல்லையென்றால் அலகு போய்விடும்.

அடியில் தொட்டு, மேலே முழுக்க ஒரு செ.மீ. விலகி நிற்கிறதா? அது ஸ்கர்ட்டிங் டைல். தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்துக்குச் சுவரைவிட்டு அது துருத்திக்கொண்டிருக்கும். கட்டி முடித்துவிட்டால், பக்கப் பலகைகளின் பின்னால் மேலும் நடுவிலும் அதே தடிமனுள்ள பிளைவுட் துண்டுகளைப் பொருத்தி, சுவரின் நிறத்தையே அடித்துவிடுங்கள். இனிமேல்தான் வெட்டப் போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல வழி இருக்கிறது: பக்கப் பலகைகளை ஸ்கர்ட்டிங்குக்கு மேலேயே நிறுத்தி, அடித்தட்டுக்குக் கீழே 40×40 மி.மீ. கட்டையில் மூன்று குட்டைக் கால்களை இரண்டு செ.மீ. உள்ளே தள்ளிக் கொடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது

எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து பாருங்கள். சரியாக 18 மி.மீ. என்றால் இரண்டு பக்கப் பலகையையும் ஒரே அகலத்தில் வெட்டிவிட்டீர்கள். ஒரு பலகை மூலைவரை போகிறது. மற்றது அதன் முகத்தில் முட்டி நிற்கிறது. முட்டி நிற்கும் பலகை தன் தடிமன் அளவு குறைய வேண்டும். ஒன்று 30 செ.மீ. என்றால் மற்றது 28.2 செ.மீ. உள்ளே மிஞ்சுவது இரு பக்கமும் 28.2 என்பதால் தட்டின் ஆரமும் அதே 28.2தான். கடையில் 18 என்று வாங்கிய ஷீட் உண்மையில் 17.5 இருக்கலாம், ஒரு துண்டை அளந்துவிட்டு அந்த எண்ணையே கழியுங்கள்.

ஸ்டாண்டு ஆடுகிறது

ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. தட்டினால் தரையில் டக் டக் என்று சத்தம் வந்தால் அடி சரியாகப் படியவில்லை. சத்தமில்லாமல் மேல்பாகம் நெளிந்தால் இணைப்பு பிடிக்கவில்லை. இரண்டு பலகையும் நான்கு தட்டும் ஒன்றையொன்று தாங்கும் இந்த வடிவத்தில் நெளிவு வரவே கூடாது. வந்தால் ஸ்க்ரூ பகுதிக்குப் போங்கள்.

டக் டக் சத்தத்துக்கு அட்டை மடித்துக் கொடுப்பது ஒரு வாரம் தாங்கும். நிரந்தர வழி, ஸ்டாண்டை மூன்று புள்ளியில் மட்டும் நிற்கவைப்பது. தரை எப்படி இருந்தாலும் மூன்று புள்ளியில் நிற்பது ஆடாது. பக்கப் பலகைகளின் அடி ஓரத்தில் நடுப்பகுதியை மட்டும் 3 மி.மீ. இழைத்து எடுங்கள். பின்மூலையில் 4 செ.மீ., இரு முன்நுனிகளிலும் 4 செ.மீ. மட்டும் தரையைத் தொட வேண்டும்.

நான்கு கால் மூலை மேசை என்றால் முதலில் அதை இருந்த இடத்திலேயே 90 டிகிரி திருப்பிப் பாருங்கள். ஆட்டம் அதே காலோடு சேர்ந்து வந்தால் கால் குட்டை. இடத்திலேயே நின்றுவிட்டால் தரை பள்ளம், மரத்தைத் தொடாதீர்கள். கால் குட்டை என்று உறுதியானால், சமையலறை கிரானைட் மேடை மாதிரி நிச்சயமாகச் சமமான இடத்தில் மேசையை வைத்து, குட்டைக் காலுக்கு அடியில் அட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு ஒரு சின்னக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டு, நான்கையும் அந்தக் கோட்டில் அறுங்கள். ஒரு காலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சரிபார்க்கப் போனால் மேசை குட்டையாகிக்கொண்டே போகும், ஆட்டம் போகாது.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆடாத ஸ்டாண்டும் முன்னால் கவிழும். மூலையும் இரு முன்நுனிகளும் சேர்ந்த முக்கோணம்தான் அதற்குத் தாங்கல். அந்த முக்கோணத்தின் முன்கோடு மூலையிலிருந்து 21 செ.மீ.யில் முடிந்துவிடுகிறது, தட்டின் வளைவோ 30 செ.மீ. வரை வருகிறது. ஆக முன்னால் 9 செ.மீ. அந்தரத்தில் நிற்கிறது. குழந்தை தட்டைப் பிடித்துத் தொங்கினால் கவிழத்தான் செய்யும். மேல்தட்டுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எல் பட்டை வைத்துச் சுவரோடு ஸ்க்ரூ செய்யாமல் இந்த ஸ்டாண்டைப் பயன்படுத்தக் கூடாது.

ஸ்க்ரூ முழுக்க இறங்கியும் இரண்டு பலகையும் சேரவில்லை

எவ்வளவு முறுக்கினாலும் ஒரு மி.மீ. இடைவெளி அப்படியே நிற்கும். ஸ்க்ரூவின் மரை இரண்டு பலகையிலும் ஒரே நேரத்தில் கடித்திருப்பதுதான் காரணம். சேராத தூரத்தில் இரண்டையும் அது பூட்டிவிடுகிறது. கழற்றி, வெளிப்பலகையின் ஓட்டையை 4.5 மி.மீ. பிட்டால் பெரிதாக்குங்கள். அந்தப் பலகையில் ஸ்க்ரூ விரலால் தள்ளினாலே போக வேண்டும். உள்பலகையில் மட்டும் 3 மி.மீ. ஓட்டை, 30 மி.மீ. ஆழம். இப்போது தலை வெளிப்பலகையை அழுத்த, மரை உள்பலகையை இழுக்கும். இரண்டும் கிட்டிப் போட்டதுபோல் நெருங்கும்.

ஓரம் பிளந்துவிட்டால், ஓட்டை போடாமல் ஸ்க்ரூவை நேரே ஏற்றியிருப்பீர்கள், அல்லது ஓட்டை நடு அடுக்கை விட்டு விலகியிருக்கும். பிளைவுட் ஓரத்தில் நடுக்கோடு 9 மி.மீ.யில் இருக்கிறது, அதிலிருந்து 2 மி.மீ. தள்ளினாலே அடுக்கு உப்பும். பலகையின் நுனியிலிருந்து 25 மி.மீ.க்குள் ஸ்க்ரூ வேண்டாம். பிளந்த இடத்தில் பசையைக் கத்தி நுனியால் உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

ஸ்க்ரூ பாதியில் ஒடிந்தால் பெரும்பாலும் அது கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவாக இருக்கும். கடினமாக்கிய எஃகு என்பதால் வளையாமல் ஒடியும். தேக்கு, வேங்கை போன்ற கட்டைகளுக்கு அது வேண்டாம். எந்த ஸ்க்ரூவானாலும் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு ஏற்றுங்கள், பாதி பலத்தில் இறங்கும்.

இறுகாமல் சும்மா சுற்றுகிறதா? ஓட்டை அரைந்துவிட்டது. மூங்கில் குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறுக்கமாக அடித்து, காய்ந்த பிறகு சீராக நறுக்கி, மறுபடி 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். பழைய ஓட்டையை அடைக்காமல் பக்கத்திலேயே புதிது போட்டால் பிட் வழுக்கிப் பழைய குழிக்குள்ளேயே போய்விடும்.

தட்டு ஒரு பக்கம் சரிகிறது

ஒரு கோலிக்குண்டைத் தட்டின் நடுவில் வையுங்கள். நான்கு தட்டிலும் ஒரே திசையில் உருண்டால் தரைதான் சரிவு. அடியில் முட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரே ஒரு தட்டில் மட்டும் உருண்டால் குறித்ததில் பிழை. இரண்டு பக்கப் பலகையையும் தனித்தனியே அளந்து குறித்தால் இது வரும். பலகைகளைப் பக்கத்தில் பக்கமாகப் படுக்கவைத்து, அடி ஓரங்களை ஒரு நேர்ச்சட்டத்தில் முட்டவைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக மூலைமட்டத்தால் இழுங்கள். டேப்பில் ஒரு மி.மீ. தவறினாலும் இரண்டிலும் ஒரே தவறாக இருக்கும், தட்டு சரியாது.

வெட்டிய ஓரம் செதில் செதிலாக வருகிறது. வளைவு நேராக இல்லை

கை ரம்பம் தள்ளும்போது வெட்டுகிறது, பல் மேலிருந்து கீழே போகிறது. அதனால் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். ஜிக்சாவும் (வளைவு அறுக்கும் மெஷின்) வட்ட ரம்ப மெஷினும் கீழிருந்து மேலே வெட்டுகின்றன. நல்ல முகம் கீழே. இதை மாற்றிச் செய்வதால்தான் முக்கால்வாசிச் செதில் வருகிறது. மிச்சத்துக்குக் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நெருக்கமான பல் உள்ள பிளேடு போடுங்கள்.

வளைவு மேல்முகத்தில் சரியாகவும் கீழ்முகத்தில் உள்ளே போயும் இருந்தால், ஜிக்சாவை அழுத்தித் தள்ளியிருக்கிறீர்கள். பிளேடு வளைந்து சாய்வாக வெட்டிவிட்டது. மெஷினின் முன்பின் ஆட்ட விசையைப் பூஜ்யத்தில் வைத்து, குறுகிய பிளேடால், கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுங்கள். பிறகு நான்கு தட்டையும் அடுக்கிக் கிளாம்ப் போட்டு, ஒன்றாகச் சேர்த்து அரத்தால் ராவி, 80, 120, 180 எண் உப்புத்தாள் போடுங்கள். நான்கும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக வரும்.

சுவரில் பிளக் நிற்கவில்லை

எல் பட்டையின் ஸ்க்ரூ பிடிக்கச் சுவர் ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் உறைதான் பிளக். ட்ரில் கக்கும் தூளின் நிறத்தைப் பாருங்கள். முதலில் வரும் சாம்பல் தூள் பூச்சு. அதன் பின் சிவப்பு வந்தால் செங்கல், நல்ல இடம். பூச்சே ஒன்றரை செ.மீ. இருக்கலாம் என்பதால் 25 மி.மீ. பிளக்கின் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்று பிடுங்கிக்கொண்டு வரும். 8 மி.மீ. பிட், 50 மி.மீ. பிளக் வேண்டும். ஓட்டை பிளக்கைவிட ஒரு செ.மீ. ஆழமாக இருக்கட்டும், உள்ளே உள்ள தூளை ஊதி எடுத்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான்.

சாம்பல் தூள் மாறாமல், இரண்டு செ.மீ.க்குப் பிறகு பிட் நகரவே மறுக்கிறதா? அது கான்கிரீட் தூண். தூண் எழுப்பிக் கட்டிய வீடுகளில் மூலைகளில்தான் தூண் வரும், மூலை ஸ்டாண்டுக்காரர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான். சாதாரண ட்ரில்லை அழுத்தினால் பிட் எரிந்து நீலமாகும். ஹேமர் வசதியுள்ள மெஷினை வாடகைக்கு எடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் ஓட்டை போடவே கூடாது, அந்த வழியில் வயர் ஓடுகிறது.

அடி ஓரம் உப்பி, அடுக்கு பிரிகிறது

தினமும் தரை துடைக்கும் ஈரம் வெட்டிய ஓரம் வழியாக உறிஞ்சப்படுகிறது. வெட்டாத முகத்தைவிட வெட்டிய ஓரம் தண்ணீரைப் பல மடங்கு வேகமாகக் குடிக்கும். உப்பிய பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது. அறுத்து எடுத்துவிட்டு, புது ஓரத்துக்கு மூன்று கை வார்னிஷ் கொடுத்து, தரை தொடும் மூன்று இடத்திலும் நைலான் புஷ் அடியுங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் ஷீட் வாங்கும்போதே ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ். 303 உள்ளறைக்குப் போதும்.

பாலிஷ் போட்ட பிறகு வெள்ளைத் திட்டு

இணைப்பை ஒட்டி மட்டும் திட்டுத் திட்டாக இருந்தால், பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். பசை ஊறிய மரம் பாலிஷைக் குடிக்காது. உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்து அந்த இடத்துக்கு மறுபடி போடுங்கள். பரப்பு முழுக்கப் பால் தெளித்ததுபோல் மங்கினால் மழை நாளில் அடித்திருக்கிறீர்கள். காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிவிட்டது. வெயில் அடிக்கும் நாளின் நடுப்பகலில், 320 எண் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மெல்லிய கை ஒன்று கொடுங்கள்.

மழைக்காலத்தில் இறுகி, கோடையில் வெடிக்கிறது

இது பிளைவுட்டில் வராது, கட்டைப் பலகையில் செய்தவர்களுக்கு வரும். மரம் நீளவாக்கில் அசையாது. ரேகைக்குக் குறுக்கே ஐப்பசி கார்த்திகையில் விரியும், சித்திரையில் சுருங்கும். நான்கு பக்கமும் இறுக்கி ஸ்க்ரூ போட்டால் சுருங்க வழியில்லாமல் பிளக்கும். ரேகைக்குக் குறுக்கே வரும் ஸ்க்ரூக்களுக்கு வட்ட ஓட்டைக்குப் பதில் 8 மி.மீ. நீள ஓட்டை வெட்டி, வாஷர் போட்டு ஏற்றுங்கள். அந்த ஸ்க்ரூ வரும் இடத்தில் பசை வேண்டாம். அறுத்த புதிதில் வாங்கிய வேம்போ பூவரசோ என்றால் ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நிற்கும்வரை அந்தப் பலகையைத் தொட வேண்டாம்.

ஒரே முகத்துக்கு மட்டும் மைக்காவோ பாலிஷோ போட்டு, மறுமுகத்தை வெறுமனே விட்டால் தட்டு கிண்ணமாக வளையும். சுவர்ப் பக்கம், அடிப்பக்கம் என்று பார்க்காமல் எல்லா முகத்துக்கும் ஒரு கையாவது கொடுங்கள்.

ஸ்டாண்டின் அடியில் மாவுபோல் பொடி விழுகிறது

பொடியைக் கூட்டிவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத்தாள் விரித்து இரண்டு நாள் பாருங்கள். மீண்டும் பொடி விழுந்து, நேர் மேலே குண்டூசி அளவு ஓட்டை தெரிந்தால் உளுவண்டு உயிரோடு இருக்கிறது. அது வைரம் பாய்ந்த பகுதியை அதிகம் தொடாது. வெள்ளை (வைரம் பாயாத வெளிர் பகுதி) உள்ள பலகையிலும் ரப்பர் மரத்திலும்தான் குடியிருக்கும். கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசிக்குழாயால் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்தி, மெழுகால் அடையுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். தாளில் பொடி நிற்கவில்லையென்றால் அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடுங்கள். பொடிக்குப் பதிலாகச் சுவரிலிருந்து மண்கோடு ஏறி வந்திருந்தால் அது கரையான். ஸ்டாண்டுக்கு மருந்து அடித்துப் பயனில்லை. ஸ்டாண்டை நகர்த்தி, தரையும் சுவரும் சேரும் இடத்தில் எந்த வெடிப்பிலிருந்து மண்கோடு கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அங்கே மருந்து விட்டு, வெடிப்பைச் சிமெண்டால் அடைத்த பிறகே திரும்ப வையுங்கள்.